குச்சியைப் பிடுங்காதவர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். பெயர் தெரியாமல்தான் அவரைச் சபித்தேன், அதனால் பெயர் போடாமல் எழுதுவதுதான் நியாயம். கோயிலுக்கு வருகிறவர்கள் அவரைக் குச்சிக்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேக புத்தி. தக்காளி வாங்கினால் கூடையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் இரண்டு தடவை சிரித்துப் பேசினால் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். ஒருவர் மேல் சந்தேகமே வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து யோசிப்பேன். "நீ போலீசுல சேந்திருக்க வேண்டியவ, தப்பி என் வூட்டுக்கு வந்துட்ட" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் தப்பில்லை.

இந்தப் புத்தி முற்றிப்போனது செவலை செத்த பிறகு. செவலை என் பசு. செலியமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வளர்த்தேன். அது கறந்த பாலில்தான் குடும்பம் நடந்தது என்றால் மிகையில்லை, வீட்டுக்காரர் சம்பளம் வீட்டுக்காரருக்கே போதாது. அந்த வருஷம் செவலை ஏழு மாதச் சினை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயலுக்குப் பூச்சி மருந்து அடித்தால், அடித்து முடித்த கையோடு வரப்பில் ஒரு குச்சியை நட்டு அதன் தலையில் துணிக் கிழிசலைக் கட்டிவிட வேண்டும். மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அதுதான் போர்டு. குச்சி நின்றால் மாட்டை இழுத்துக்கொண்டு போய்விடுவோம். இல்லையென்றால் நம்பி விடுவோம். அன்றைக்குக் காலையில் நானும் நாலு பக்கமும் பார்த்தேன். குச்சி இல்லை. கயிற்றைத் தளர்த்தி விட்டேன். வரப்புப் புல் நல்ல பச்சையாக இருந்தது, செவலை ஆசையாக மேய்ந்தது.

மத்தியானம் வாயில் நுரை தள்ளியது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "மருந்துப் புல்லு மேஞ்சிருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். சாயங்காலத்துக்குள் போய்விட்டது. நான் அதன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாய் அடங்கிய பிறகும் உள்ளே இருந்தது கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த அசைவு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

வயல்காரரைப் போய்க் கேட்டேன். யாரோ வெளியூர் ஆள், கூலிக்கு அடித்துவிட்டுப் போய்விட்டான், பெயர்கூடத் தெரியாது என்றார். மறுநாள் நேரே பாகூர்ப் பக்கம் இருக்கிற சிவன் கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி, உள்ளே சாமி இருக்கிற திசையைப் பார்த்துத் தூற்றினேன். "குச்சி நடாத கை வெளங்காம போவட்டும். நான் அத்த என் கண்ணால பாக்கணும்" என்று சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. வாயும் வயிறுமாக இருந்த பசு என்றால் யார் தடுப்பார்கள்?

அதற்குப் பிறகு மாடு வளர்க்க மனசு வரவில்லை. அந்தக் கோயில் வாசலிலேயே கூடை வைத்து வில்வம், அருகம்புல், அகல்விளக்கு என்று விற்க உட்கார்ந்தேன். பிழைப்புக்கு என்று ஊரில் நினைத்தார்கள். நான் உட்கார்ந்தது கைகளைப் பார்க்க. தப்பு செய்தவன் என்றைக்காவது ஒருநாள் சிவனிடம் வந்துதானே ஆகவேண்டும்? வருகிறவர் போகிறவர் ஒவ்வொருவர் கையையும் பார்ப்பேன். சூம்பிய கை, நடுங்கும் கை, கட்டுப் போட்ட கை எதையும் விட மாட்டேன். கட்டுப் போட்ட ஒரு வாத்தியாரிடம் எப்படி அடிபட்டது, எங்கே அடிபட்டது என்று நான் துருவியதில் அவர் வேறு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்.

குச்சிக்காரர் வந்தபோது நான் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரம், கொஞ்சம் கூன், தோளில் காவி ஏறிய துண்டு. கையைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் நல்ல திடமான கைகள். சரி, இவன் இல்லை என்று விட்டுவிட்டேன்.

குருக்களிடம் போய், வெளிப்பிரகாரம் பெருக்குகிறேன், கூலி வேண்டாம், பிரசாதம் போதும் என்றார். எந்த ஊர் என்று குருக்கள் கேட்டதற்கு, "திருவாண்டார்கோயில் பக்கம் சாமி" என்றார். கூலி வேண்டாம் என்ற இடத்திலேயே எனக்கு உறைத்துவிட்டது. இந்தக் காலத்தில் சும்மா யார் பெருக்குவார்கள்? அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு வேற வேல இல்ல" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் முதல் குச்சி வந்தது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவர் பெருக்குவதை நிறுத்திவிட்டு வெளியே போய்க் காட்டாமணக்குக் குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார். தன் வேட்டி ஓரத்தைக் கிழித்து அதன் தலையில் கட்டி, சாரிக்குப் பக்கத்தில் நட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வரப்பில் எது இல்லையோ, அது என் கண்ணெதிரே நின்றது.

அப்புறம் குச்சிகள் பெருகின. குளவி கூடு கட்டிய இடத்தில் ஒன்று. மடைப்பள்ளித் தண்ணீர் தேங்கித் தவளை முட்டையிட்ட இடத்தில் ஒன்று. பிரதோஷத்துக்குக் கூட்டம் நெரிகிற நாளில் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பாத்து, பாத்து, கொஞ்சம் சுத்திப் போங்கம்மா, எறும்பு போவுது" என்பார். பட்டுப்புடவைக்காரிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றிப் போவார்கள். எங்கேயாவது ஒன்று மிதிபட்டுவிட்டால் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, "பாக்கல சாமி, பாக்கல" என்று முணுமுணுப்பார். மிதித்தவர் போய்விட்டிருப்பார். இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

இதில் ஒரு கோணல் இருந்தது. நட்ட குச்சியை அவர் ஒருநாளும் பிடுங்க மாட்டார். எறும்பு போய் நாலு நாள் ஆகியிருக்கும், குளவி கூட்டைக் காலி செய்திருக்கும், குச்சி மட்டும் நின்றுகொண்டிருக்கும். உள்பிரகாரம் பெருக்குகிற அக்கா வந்து திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடுவாள். "நட்டவனே புடுங்குனா இன்னா, கையி தேஞ்சிடுமா?" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவள் பிடுங்கும்போது அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். குச்சி பிடுங்குவதை ஒரு மனிதர் இப்படிப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொள்வானேன்?

கோயில் எதிரே கயிறு, சாக்கு, விதை, பூச்சி மருந்து விற்கிற கடை வைத்திருக்கும் பாயிடம் யோசனை கேட்டேன். பாய் எதையும் நிதானமாகச் சொல்கிறவர். "சிலை கடத்துற கும்பலு இப்படித்தான் அடையாளம் வெப்பாங்கன்னு ஒருத்தர் சொல்லக் கேட்டிருக்கேன் தங்கச்சி. ஆனா இவரு மொகத்தப் பாத்தா அப்படித் தெரியல" என்றார். பின்பாதி என் காதில் ஏறவில்லை. அடுத்த நாள் நடை சாத்திய மத்தியான நேரத்தில் கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றுச்சுவர் ஓரத்தில் இருந்த குச்சியின் அடியில் தோண்ட ஆரம்பித்தேன். ஒரு சாண்கூடப் போகவில்லை, பின்னால் குரல் கேட்டது.

"கைய பாத்தும்மா. அங்க பூரான் குட்டி போட்டிருக்குது."

நான் வெடுக்கென்று கையை இழுத்தேன். நிஜமாகவே இருந்தது, குட்டிகளைச் சுருட்டி அணைத்தபடி. எதற்குத் தோண்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கலைந்த மண்ணை ஒரு வில்வ இலையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடினார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சிலை இல்லை என்பது நிச்சயமாகிவிட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை.

வில்வத்திலும் எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் மரத்திலிருந்து பறிக்க மாட்டார். உதிர்ந்ததைப் பொறுக்கிக் கழுவி, தட்டில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடிமரத்தடியில் வைத்துவிடுவார். என் வியாபாரம் என்ன ஆவது? "பறிச்ச வில்வம் இன்னா, சாமிக்கு ஆவாதா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"ஆவும்மா. சாமிக்கு எல்லாம் ஆவும். என் கைக்குத்தான் ஆவாது" என்றார்.

அந்தக் கை. நல்ல திடமான கை. அது ஒரு இலையைப் பறிக்காது, வாழைப்பட்டையை அறுக்காது, தேங்காய் உடைக்காது. பெருக்கும், குச்சி நடும், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக வேறு மாதிரி தோன்றியது. இவர் மாட்டைப் பறிகொடுத்தவரா, மாட்டைக் கொன்றவரா? இரண்டில் ஒன்று. அன்றிலிருந்து நான் வேறு எந்தக் கையையும் பார்க்கவில்லை.

ஒன்றொன்றாகச் சோதித்தேன். டீக்கடையிலிருந்து பால் போட்ட டீ வாங்கிவந்து கொடுத்தேன். கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்றார். வரக்காப்பிதான் குடிப்பாராம். "பாலு ஒத்துக்காதா?" என்றேன். "ஒத்துக்கும்மா. எனக்குத்தான் குடிக்க வாய் இல்ல" என்றார். மாட்டைப் பறிகொடுத்தவள் நான், நான் பால் குடிக்கிறேனே.

பிரதோஷத்தில் பார்த்தேன். எல்லாரும் நந்தியின் இரண்டு கொம்புக்கும் நடுவில் கண்ணை வைத்துச் சிவனைப் பார்ப்பார்கள். நந்தி காதில் வேண்டுதல் சொல்வார்கள். இவர் நந்திக்கு முன்னால் வரவே மாட்டார். பின்பக்கமாகச் சுற்றிப் போய், தூணோரம் ஒண்டிக்கொண்டு, தெரிந்த அளவு லிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். பாலபிஷேகம் ஆரம்பித்தால் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். ஒருதடவை யாரோ கோபூஜைக்குப் பசுவையும் கன்றையும் ஓட்டிவந்தார்கள். அந்தக் கன்று துள்ளிக்கொண்டு இவரிடம் ஓடியது. இவர் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மதிலில் முதுகு இடித்து நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

இன்னொரு நாள் குருக்கள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "மனசுல பாரம் இருந்தா அங்கப்பிரதட்சணம் பண்ணும் ஓய். ஈர வேட்டியோட பிரகாரத்தச் சுத்திப் பொரண்டா பாவம் கரையும்." அதற்கு இவர் சொன்னார்: "கீழ எறும்பு இருக்குதே சாமி. என் பாவம் கரையுறதுக்கு அதுங்க எதுக்குச் சாவணும்?" குருக்கள் உள்ளே போய்விட்டார். பாவம் என்று ஒன்று இருப்பதை இவர் மறுக்கவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

பொய் சொல்ல மாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்துபோனது. குருக்கள் ஒருநாள், "இன்னிக்கி அர்ச்சனை எப்படி?" என்று பெருமையாகக் கேட்டார். "அவசரமா சொல்லிட்டீங்க சாமி" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் என் கடைப் பக்கம் வந்ததும், "பெரியவரே, நல்லா இருந்துதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டேன்.

"பொய்யும் மருந்து மாதிரிதாம்மா. அடிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. காத்துல போயி யாரு மேல படும்னு சொல்ல முடியாது."

என் கையில் இருந்த அருகம்புல் கட்டு கீழே விழுந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"நீங்க மருந்து அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருக்கேன்."

"எந்தப் பக்கம்?"

"கூப்பிட்ட பக்கமெல்லாம் போவேன்."

"செலியமேடு வந்திருக்கீங்களா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "வந்திருக்கேன்" என்றார்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டால் உண்மைதான் வரும் என்று எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று என்னையே பலதடவை கேட்டிருக்கிறேன். ஐந்து வருஷம் ஒருவனைத் தேடியிருக்கிறேன். என் மனசில் அவன் குடித்துவிட்டுச் சிரிக்கிறவன், மாடு செத்தது தெரிந்தும் பீடி பற்றவைத்துக்கொண்டு போனவன். அவனை வெறுப்பது சுலபமாக இருந்தது. எறும்புக்கு வழிவிடச் சொல்கிற இந்த ஆளாக அவன் இருந்துவிட்டால் என் வெறுப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னொரு எண்ணமும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாமே நடிப்பாக இருந்தால்? என்னை இளக வைக்கத்தான் என் கண்ணெதிரே குச்சி நட்டுக்கொண்டிருந்தால்? இப்படியே கிட்டத்தட்ட எட்டு மாதம் ஓடியது. தினமும் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவந்து, வாசல் மண்டபத்துத் தூணோரமாகத் தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். என் கடையிலிருந்து பத்தடி தூரம். காலையில் கூடையை இறக்கியவள் பார்த்தேன், அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், மண்டபம் முடிந்து மண் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு குச்சி. தலையில் புதுக் கிழிசல். குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை, பூரான் இல்லை, ஒன்றுமில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லியே. இது எதுக்கு?" என்றேன்.

"நான் இருக்கேன் இல்லம்மா" என்றார். "தெரியாம யாரும் கிட்ட வந்துடக் கூடாது."

காய்ச்சலில் பிதற்றுகிறாரா என்று பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. இனிமேலும் தள்ளிப்போட என்னால் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன்.

"செலியமேட்டுல அன்னிக்கி மருந்து அடிச்சது நீதானே?"

"நாந்தாம்மா."

"குச்சி ஏன் நடல?"

"நட்டேன்." வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நட்டுட்டு பக்கத்து வயலுக்குப் போனேன். அங்க அடிச்சி முடிச்சதும் குச்சி வேணும். வாக்கா முழுக்க காட்டாமணக்கு நிக்கிது, ஒரு எட்டு போயி ஒடிச்சிருக்கலாம். சோம்பல். மொத வயலு அதுக்குள்ள காஞ்சிருக்கும்னு நெனச்சி அங்க நட்டத புடுங்கியாந்து இங்க நட்டேன். அவ்ளோதாம்மா. வேற ஒண்ணும் இல்ல. செத்தது சினை மாடுன்னு சாயங்காலம் டீக்கடையில பேசிக்கிட்டாங்க. மறுநாளு நீங்க இங்க மண்ண வாரித் தூத்துனப்ப அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன்."

ஒரு குச்சி. வாய்க்கால் முழுக்கக் கேட்பாரில்லாமல் வளர்ந்து கிடக்கிற குச்சி. இதற்காகவா என் செவலை செத்தது? குடித்துவிட்டுச் சிரித்தவனாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இவ்ளோ நாளு என் எதிர்லயே பெருக்கினு இருந்தியே, ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா எனக்குப் பாரம் எறங்கிடும்மா. உங்களுக்கு ஏறிடும். ரெண்டாவது தடவ உங்க மாட்ட நான் சாவடிக்கக் கூடாது. நீங்களா கேட்டா சொல்லணும்னு இருந்தேன்."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்த? ஊருல வேற சிவன் கோயிலே இல்லியா?"

"நீங்க தூத்துன மண்ணு இங்கதானேம்மா விழுந்துது."

அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். "காச்ச வுட்டதும் போயிடு. என் கண்ணுல படாத."

"சரிம்மா" என்றார். மூன்றாம் நாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் கூடைக்கு எதிரே வந்து நின்றார். கும்பிட்டார். "அந்தக் குச்சியெல்லாம் அப்படியே நிக்கிதும்மா. என்னால புடுங்க முடியாது, கோவிச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் ஏன் எந்தக் குச்சியையும் பிடுங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் ஆயுசில் ஒரே ஒரு குச்சியைத்தான் பிடுங்கினார், அதிலேயே இரண்டு உயிர் போய்விட்டது.

பெருக்குகிற அக்கா அன்றைக்கே எல்லாக் குச்சிகளையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். மண்டபத்தோரம் நின்ற அந்த ஒன்றைப் பிடிக்கப் போனாள். "அதுல கை வெக்காத" என்றேன். நான் சொன்ன விதத்தில் அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்த ஆள் மேல் எனக்குப் பாசம் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். பாசமுமில்லை ஒன்றுமில்லை. அவர் போய்விட்டார், விஷம் போகவில்லை. அது பத்தடி தள்ளி, என் கூடைக்குப் பின்னால், எனக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு குச்சி நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. துணி வெளுத்து நூலாகிவிட்டது. பிரகாரத்தில் எறும்புகள் மிதிபட்டன, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாயின் மகள் வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாதம் ஒருமுறை பார்க்கப் போவார். போன மாதம் போய்வந்தவர் என் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"குச்சிக்காரர பாத்தேன் தங்கச்சி. அங்க ஒரு கோயிலு வாசல்ல ஒக்காந்திருக்காரு. ஒடம்பு ரொம்ப எளைச்சிப் போயிருக்குது. பக்கத்துல ஒரு குச்சி நட்டு வெச்சிருக்காரு. ஜனங்க சுத்திப் போறாங்க."

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னால் போதும். மறுநாள் பிரதோஷம். அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்தோரம் போனேன். குச்சியைப் பிடித்தேன். இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. வந்தபோது அடியில் ஒரு பிடி மண்ணும் சேர்ந்து என் கைக்கு வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் இதே அளவு மண்ணை வாரினேன். இந்தத் தடவை அதைக் குழியிலேயே போட்டேன். மிதித்துச் சமன் செய்யக் காலைத் தூக்கினால் ஓரத்தில் ஒரு எறும்புச் சாரி. அது போய் முடிகிறவரைக்கும் நின்றேன், யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று தெரிந்தும்.

"பாய், அடுத்தவாட்டி போறப்ப, அவரு வுட்டுட்டுப் போன குச்சியப் புடுங்கியாச்சின்னு சொல்லிடுங்க" என்றேன்.

நேற்று பாய் வந்தார். கடை திறப்பதற்கு முன்னால் நேரே என்னிடம் வந்தார்.

"சொன்னேன் தங்கச்சி. யாரு புடுங்குனான்னு கேட்டாரு. அந்தம்மாவேதான்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"நல்லா காஞ்சிடுச்சான்னு கேட்டாரு."

நான் வில்வத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன். காய்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பலாம், அவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் எனக்கு என் மேலேயே சந்தேகம். காலையில் பால்காரனின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் உள்ளங்கையில் அந்த அசைவு வந்துபோகிறது. அவரிடம் பொய் சொல்லி அனுப்பவும் வாய் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குதுன்னு சொல்லணும்" என்றேன். "இருந்தாலும், அவரு பக்கத்துல குச்சி வேணாம்னு சொல்லணும்."

"சொன்னாலும் அவரு புடுங்க மாட்டாரே தங்கச்சி."

"தெரியும் பாய். நீங்க எந்த பஸ்சுல போவீங்க, அத்த சொல்லுங்க" என்றேன்.